ஐந்து சோகிகளும் ஒரு நாணயமும்: இந்த விளையாட்டு இருவருக்கும் சமமானதா?

கேள்வி — வெள்ளவத்தை வாசகி

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வசிக்கும் சிங்களக் குடும்பத்தார் சோகிகளை (சோழிகளை) எறிந்து ஆடும் பஞ்ச விளையாட்டை விளையாடுவதைப் பார்த்த என் பிள்ளைகள் இருவருக்கும் சோகிகளின் மேல் ஆசை பிறந்துவிட்டது. அவர்கள் அன்போடு கொடுத்த ஐந்து சோகிகளையும் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தையும் கொண்டு, நம்முடைய பழைய ‘ஒற்றையா இரட்டையா’ விளையாட்டைச் சற்று மாற்றிப் பிள்ளைகள் தாமே ஒரு விதியை வகுத்திருக்கிறார்கள். சோகிகளையும் நாணயத்தையும் எறிய வேண்டும். வாய் மேலே தெரியும்படி மலர்ந்து விழும் ஒவ்வொரு சோகிக்கும் ஒரு புள்ளி உண்டு. கவிழ்ந்து விழுந்தால் இல்லை. நாணயத்தில் அரச இலச்சினை மேலே வந்தால் ஒரு புள்ளி, பெறுமதி எழுதிய பக்கம் வந்தால் இல்லை. மொத்தம் இரட்டை எண்ணானால் அக்காவுக்கு வெற்றி. ஒற்றை எண்ணானால் தம்பிக்கு வெற்றி. ஒரு புள்ளியும் கிடைக்காவிட்டால், பூச்சியம் இரட்டை எண் என்பதால், அதுவும் அக்காவுக்கே சேரும்.

தரம் 8 இல் படிக்கும் மகன் இது நியாயமற்ற விளையாட்டு என்கிறான். சோகியின் முதுகு வளைந்தது, வாய்ப்பக்கம் ஏறக்குறையத் தட்டையானது, ஆகவே அது இரு விதமாகவும் சம அளவில் விழாது. கோடிய பொருள்கள் ஐந்தோடு (அதாவது, ஒரு பக்கமாகவே கூடுதலாக விழுபவை ஐந்தோடு) இரு பக்கமும் சமமாக விழும் கோடாத நாணயம் ஒன்றைச் சேர்த்தால் மொத்த விளைவும் கோடியதாகவே இருக்கும் என்பது அவனுடைய வாதம். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் மகளோ, எறியும் பொருள்கள் பல என்பதால் அவற்றின் கோட்டங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும், ஆகவே விளையாட்டு நியாயமானது என்கிறாள். எனக்கு இரண்டு காரணங்களுமே நிறைவாகப் படவில்லை. ஒரு சோகி மலர்ந்து விழுவதற்கான நிகழ்தகவு என்னவென்றே தெரியாத நிலையில் இந்தக் கேள்விக்கு விடை கூற முடியுமா? நாணயத்தை முதலில் எறிவதா, கடைசியில் எறிவதா என்பதில் ஏதும் வேறுபாடு உண்டா?

பதில் 1 — கொட்டாஞ்சேனைக் கணித ஆசிரியர்

விடை கூற முடியும், சகோதரி. அக்கா வெல்வதற்கான நிகழ்தகவு மிகச் சரியாக ½; தம்பிக்கும் அதுவே. இது அண்ணளவான விடையன்று. சோகிகள் எவ்வளவு கோடியவையாக இருந்தாலும், ஐந்தும் ஐந்து விதமாகக் கோடியிருந்தாலும், விடை மாறாது. மகளின் முடிவு சரியானது, ஆனால் அவர் சொல்லும் காரணத்தால் அது சரியாகவில்லை. மகனின் ஐயம் மதிக்கத்தக்கது, ஏனெனில் நாணயம் இல்லாத விளையாட்டைப் பற்றி அவர் கூறியிருந்தால் அவரே சரி.

சோகிகளை மட்டும் முதலில் எறிந்து, விழுந்ததை எண்ணிப் பார்த்துவிட்டு, நாணயத்தை இன்னும் கையிலேயே வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். மலர்ந்த சோகிகளின் எண்ணிக்கை இரட்டையாக இருந்தால், அக்காவுக்கு நாணயத்தில் புள்ளி வராமல் இருக்க வேண்டும்; அதற்கான நிகழ்தகவு ½. அந்த எண்ணிக்கை ஒற்றையாக இருந்தால், அக்காவுக்கு நாணயத்தில் புள்ளி வர வேண்டும்; அதற்கான நிகழ்தகவும் ½. சோகிகள் எப்படி விழுந்திருந்தாலும், அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது அக்காவின் வாய்ப்பு ½ தான். இனிச் சோகிகள் இரட்டையாக விழும் நிகழ்தகவை ‘இ’ எனக் கொண்டால், ஒற்றையாக விழும் நிகழ்தகவு 1 − இ. இவை தம்முள் புறநீங்கலான (ஒருங்கே நிகழ முடியாத) நிகழ்ச்சிகள் ஆகையால், அக்கா வெல்லும் நிகழ்தகவு இ × ½ + (1 − இ) × ½. இதைச் சுருக்கினால் ‘இ’ தானாகவே நீங்கி ½ மட்டுமே எஞ்சுகிறது. நமக்குத் தெரியாத எண் விடைக்குள் வரவே இல்லை. அதனால்தான் அதை அறியாமலே விடை கூற முடிகிறது. மகனுக்கு விளக்கும்போது மர வரிப்படம் வரைந்து காட்டுங்கள். முதற்கிளைகளில் எந்த எண்ணை எழுதினாலும், அடுத்த கிளைகளில் எல்லா இடத்திலும் ½ நிற்பதை அவர் தம் கண்ணால் காண்பார்.

எறியும் ஒழுங்கைப் பற்றிய கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. நாணயத்தைக் கடைசியில் எறிவதாக நான் கொண்டது விளக்கத்தின் எளிமைக்காக மட்டுமே. நாணயத்தின் விளைவும் சோகிகளின் விளைவும் சாராதவையாக (ஒன்று மற்றதைப் பாதிக்காதவையாக) இருக்கும்வரை, எது முந்தியது எது பிந்தியது என்பதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் மாணவர் பலர் இதைத் தவற விடுகிறார்கள். மேலே கூறிய நிறுவலில் ஐந்து சோகிகளும் ஒன்றையொன்று சாராதவை என்று நான் எந்த இடத்திலும் எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தையும் நூலில் இறுக்கக் கோத்து, விழுந்தால் ஐந்தும் மலர்ந்தோ ஐந்தும் கவிழ்ந்தோ விழும்படி செய்துவிடுங்கள். மலரும் நிகழ்தகவு 0.3 என்று கொள்வோம். நாணயம் இல்லாவிட்டால் மொத்தம் ஐந்து அல்லது பூச்சியம் என்பதால், அக்கா வெல்லும் நிகழ்தகவு 0.7 ஆகிவிடும். நாணயத்தைச் சேர்த்தவுடன் அது 0.7 × ½ + 0.3 × ½, அதாவது மீண்டும் ½. சோகிகள் தமக்குள் எப்படிப் பிணைந்திருந்தாலும் நாணயம் அவற்றுக்குக் கட்டுப்படாமல் இருந்தால் போதும்.

பதில் 2 — பம்பலப்பிட்டிப் பொறியியலாளர்

ஆசிரியர் ஐயாவின் விளக்கத்துக்குப் பிறகு, மகளின் காரணத்தையும் சற்று ஆராய வேண்டும் என்று எண்ணுகிறேன். ‘பல பொருள்கள் இருந்தால் கோட்டம் குறையும்’ என்ற அவருடைய எண்ணத்தில் உண்மை இருக்கிறது. அது எவ்வளவு உண்மை என்பதை அளந்தும் காட்டலாம்.

நாணயத்தை ஒதுக்கிவிட்டு, சோகிகளை மட்டும் ஒன்றையொன்று சாராமல் எறிவோம். இரட்டை வரும் நிகழ்தகவிலிருந்து ஒற்றை வரும் நிகழ்தகவைக் கழித்து வருவதை ‘வித்தியாசம்’ என்று அழைப்போம். விளையாட்டு நியாயமானது என்பதன் பொருள், வித்தியாசம் பூச்சியம் என்பதே. ஒரே ஒரு சோகி, அது மலரும் நிகழ்தகவு ‘ப’ என்றால், வித்தியாசம் (1 − ப) − ப, அதாவது 1 − 2ப. இதனோடு இன்னொரு சோகியைச் சேர்க்கும்போது, அது கவிழ்ந்தால் இரட்டை இரட்டையாகவே நிற்கிறது, மலர்ந்தால் இரட்டை ஒற்றையாகவும் ஒற்றை இரட்டையாகவும் மாறுகின்றன. இதை எழுதிக் கழித்துப் பார்த்தால், புதிய வித்தியாசம் என்பது பழைய வித்தியாசத்தைப் புதிய சோகியின் (1 − 2ப) ஆல் பெருக்கி வருவதே என்று தெரியவரும். ஆகவே எத்தனை சோகிகள் இருந்தாலும், ஒவ்வொன்றுக்கும் உரிய (1 − 2ப) அனைத்தின் பெருக்கமே மொத்த வித்தியாசம். இரட்டை வரும் நிகழ்தகவு, அந்த வித்தியாசத்தோடு 1 ஐக் கூட்டி 2 ஆல் வகுத்தால் கிடைக்கும்.

எல்லாச் சோகிகளுக்கும் ப = 0.3 என்று வைத்தால், ஒரு சோகிக்கு வித்தியாசம் 0.4, இரண்டுக்கு 0.16, மூன்றுக்கு 0.064, நான்குக்கு 0.0256, ஐந்துக்கு 0.01024. இரட்டை வரும் நிகழ்தகவு 0.50512. பத்தாயிரம் ஆட்டம் ஆடினாலும் இருவருடைய வெற்றிகளுக்கும் இடையே சராசரியாக நூற்றுச் சொச்சம் வேறுபாடுதான் எதிர்பார்க்கலாம். இந்த அளவில் மகளின் உள்ளுணர்வு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ப = 0.1 போல மிகவும் கோடிய சோகிகளாக இருந்தால், 0.8 ஐ ஐந்து முறை பெருக்க 0.32768 வருகிறது, அக்காவின் வாய்ப்பு 0.66384. ஏறக்குறைய மூன்று ஆட்டத்தில் இரண்டை அவரே வெல்வார். கோட்டங்கள் தேய்கின்றனவே தவிர, ஒன்றையொன்று நீக்குவதில்லை. ப = 0.7 என்றால் பெருக்கப்படும் எண் −0.4, ஐந்து முறை பெருக்கும்போது குறி எதிராகவே நிற்பதால், அதே அளவு அனுகூலம் இம்முறை தம்பிக்குப் போய்ச் சேரும். ஆறாவது சோகி ஒன்று வந்துவிட்டால் குறி நேராகி, அனுகூலம் மறுபடி அக்காவிடம் திரும்பிவிடும்.

இப்போது கோடாத நாணயத்தைச் சேருங்கள். அதற்கு ப = ½, ஆகவே 1 − 2ப = 0. எத்தனை எண்களைப் பெருக்கினாலும் அவற்றுள் ஒன்று பூச்சியமானால் பெருக்கமும் பூச்சியம். ஆசிரியர் மர வரிப்படத்தில் காட்டிய அதே உண்மைதான் இது; இந்த வடிவத்தில் பார்க்கும்போது எனக்கு அது இன்னும் அழகாகத் தெரிகிறது.

இந்தச் சிறுவர் விளையாட்டின் உள்ளேயிருக்கும் கருத்துக்கு உலகியல் பயன் ஒன்றும் உண்டு. தந்தி அச்சு இயந்திரங்களுக்காக கில்பேர்ட் வேர்ணம் 1917 இல் வகுத்த இரகசியக் குறியீட்டு முறையில், நாடாவில் துளைகளாகப் பதிந்த செய்தியின் ஒவ்வொரு துளை இடத்தோடும், செய்தியை மறைப்பதற்கான சாவி நாடாவின் துளை இடம் ஒன்று இதே ஒற்றை இரட்டைக் கணக்கின்படி சேர்க்கப்படுகிறது. சாவி முற்றிலும் எழுமாறானதாகவும், செய்தியைச் சாராததாகவும், ஒரே ஒரு முறை பயன்படுத்தப்படுவதாகவும் இருந்தால், குறியீட்டைக் கைப்பற்றியவரால் செய்தியைப் பற்றி எதையுமே அறிய முடியாது என்பதை குளோட் ஷனன் 1949 இல் வெளியிட்ட கட்டுரையில் கணித முறைப்படி நிறுவினார். உங்கள் வீட்டுச் சோகிகள்தாம் செய்தி, நாணயம்தான் சாவி. அடுத்த அறையில் இருப்பவரிடம் “அக்கா வென்றுவிட்டார்” என்று மட்டும் சொன்னால், சோகிகள் எப்படி விழுந்தன என்பதைப் பற்றி அவருக்கு ஒரு துளி தகவலும் கிடைப்பதில்லை. சாவியை ஒரே முறைதான் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை உங்களுக்கும் பொருந்தும்: ஒவ்வோர் ஆட்டத்துக்கும் நாணயத்தைப் புதிதாக எறிய வேண்டும். முந்திய ஆட்டத்தில் விழுந்தபடியே அதை விட்டுவைத்துச் சோகிகளை மட்டும் திரும்ப எறிந்தால், கிடந்த பக்கத்தைப் பார்த்தே யாருக்கு அனுகூலம் என்று கணித்துவிடலாம்.

பதில் 3 — தெகிவளை வாசகர்

இருவருடைய கணக்கையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘சாராதவை’ என்ற நிபந்தனையை இருவரும் எழுத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது. வீட்டுத் தரையில் அந்த நிபந்தனை உண்மையிலேயே நிறைவேறுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். முழு நிறுவலும் அந்த ஒரு தூணின் மேல்தான் நிற்கிறது.

நாணயம் தனியாக எடுக்கும்போது கோடாததாக இருந்தால் மட்டும் போதாது. உதாரணமாக, அக்கா சோகிகளைப் பார்த்த பின்பு, இரட்டை விழுந்திருந்தால் பெறுமதிப் பக்கத்தையும் ஒற்றை விழுந்திருந்தால் இலச்சினைப் பக்கத்தையும் மேலே வருமாறு கையால் வைக்கிறார் என்று கொள்ளுங்கள். ப = 0.3 போன்ற ஐந்து சோகிகள் இரட்டையாக விழும் நிகழ்தகவு ½ க்கு மிக நெருங்கியது என்று மேலே பார்த்தோம். ஆகவே நாணயத்தின் பக்கங்களை மட்டும் ஒரு தாளில் குறித்துவந்தால், அது கிட்டத்தட்டக் கோடாத நாணயமாகவே தென்படும். ஆயினும் எல்லா ஆட்டத்திலும் அக்காவே வெல்வார். நாணயத்தின் நிகழ்தகவு ½ என்பது ஒரு செய்தி. சோகிகள் இன்னவாறு விழுந்தன என்று தெரிந்த பின்னும் அது ½ ஆகவே இருக்கிறது என்பது வேறொரு செய்தி. நமக்குத் தேவையானது இரண்டாவது, அதாவது நிபந்தனை நிகழ்தகவு.

பிள்ளைகள் யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஐந்து சோகிகளையும் நாணயத்தையும் ஒரே உள்ளங்கையில் குலுக்கி எறிந்தால், நாணயம் ஒரு சோகியின் மேல் சாய்ந்து நிற்பதும், அதைச் சரியாகப் படுக்க வைப்பதற்காக ஒருவர் கை நீட்டுவதும் நடக்கக்கூடியவையே. அந்தக் கை நீட்டலில்தான் சாராத்தன்மை கெடும். ஆகவே நாணயத்தை வேறாகச் சுண்டி, அது விழுவதற்கு வேறோர் இடம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சாய்ந்து நின்றால் அந்த நாணயத்தை மட்டும் திரும்பச் சுண்டலாம் என்பதையும், அதைச் சோகிகளை எண்ணுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்பதையும் விதியில் சேர்த்துவிடுங்கள்.

கணக்கில் ஆர்வமுள்ள மகளுக்கு இன்னொரு சிறு புதிர். ‘அக்கா வென்றார்’ என்ற நிகழ்ச்சி, சோகிகளின் விளைவைச் சாராதது. ஒரே ஒரு சோகியாயினும் ப பூச்சியத்துக்கும் 1 க்கும் இடையில் இருக்க, வேறெதுவும் தெரியாமல் ‘அக்கா வென்றார்’ என்று அறிந்தால், நாணயம் எப்பக்கம் விழுந்தது என்பதைப் பற்றி நமக்கு ஏதாவது தெரியவருமா? சோகிகள் எல்லாமே கோடாதவை என்றால் என்ன விடை? ஒரு கோடாத சோகியும் ஒரு கோடாத நாணயமும் வெற்றியும் ஆகிய மூன்றும், இரண்டிரண்டாக எடுத்தால் சாராதவையாக இருந்தும், மூன்றையும் ஒன்றாகப் பார்த்தால் அப்படி இல்லாமல் போவதை அவரே கண்டுபிடிக்கட்டும். ரஷ்யக் கணிதவியலாளர் செர்ஜி பேர்ன்ஸ்ரைன் நான்முகியின் பக்கங்களுக்கு நிறம் தீட்டிக் காட்டிய புகழ்பெற்ற உதாரணமும் இதே சாரத்தைக் கொண்டதுதான்.

மீண்டும் கேட்பவர் — வெள்ளவத்தை வாசகி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மர வரிப்படத்தை மகனே வரைந்தான். முதற்கிளைகளில் தனக்கு வேண்டிய எண்களையெல்லாம் எழுதிப் பார்த்தும் விடை அசையாததைக் கண்டு ஒப்புக்கொண்டான். ஆனால் ஒப்புக்கொண்ட கையோடு இரண்டு கேள்விகள் கேட்கிறான். நாணயம் இல்லாமல், கோடிய சோகிகளை மட்டும் கொண்டு, மிகச் சரியாக நியாயமான விளையாட்டு ஒன்றை அமைக்க முடியுமா? நாம் கோடாதது என்று நம்பும் நாணயமே சிறிது தேய்ந்து கோடியிருந்தால் என்ன ஆகும்?

பதில் 4 — கொட்டாஞ்சேனைக் கணித ஆசிரியர்

உங்கள் மகனுக்கு என் பாராட்டு. முதற்கேள்விக்குக் கணிதவியலாளர் ஜோன் வொன் நோய்மன் 1951 இல் மிகச் சுருக்கமான விடை ஒன்றைத் தந்திருக்கிறார்.

ஒரே ஒரு சோகியைத் தெரிந்தெடுங்கள். அதை இரண்டு முறை எறியுங்கள். முதலில் மலர்ந்து பிறகு கவிழ்ந்தால் அக்காவுக்கு வெற்றி; முதலில் கவிழ்ந்து பிறகு மலர்ந்தால் தம்பிக்கு வெற்றி; இரண்டு முறையும் ஒரே விதமாக விழுந்தால் அந்தச் சோடியைக் கணக்கில் எடுக்காமல், மறுபடி புதிதாக இரண்டு முறை எறியுங்கள். அக்காவின் நிகழ்தகவு ப × (1 − ப). தம்பியின் நிகழ்தகவு (1 − ப) × ப. இவை சமம் என்பதை அறிய ‘ப’ எவ்வளவு என்று தெரிய வேண்டியதில்லை. நாணயத்துக்குப் பதிலாக இங்கே விலையாகக் கொடுப்பது நேரம். ப = 0.3 என்றால் ஒரு சோடியில் முடிவு கிடைக்கும் நிகழ்தகவு 0.42, சராசரியாக ஏறக்குறைய 4.8 எறிதல்கள் தேவைப்படும். ப = 0.1 என்றால் அது 11 ஐத் தாண்டிவிடும்.

இதைச் செய்யும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, இரண்டு எறிதல்களும் ஒரே சோகியால் செய்யப்பட வேண்டும். அவசரத்துக்காக இரு வேறு சோகிகளை ஒன்றாக எறிந்து, இதை முதலாவது, அதை இரண்டாவது என்று கொண்டால், இரண்டின் ‘ப’ வும் ஒன்றாக இல்லாதவரை விளையாட்டு நியாயமாகாது. இரண்டாவது, சோடிகளை ஒன்றின் மேல் ஒன்று படியவிடக்கூடாது. மலர்ந்தது, மலர்ந்தது, கவிழ்ந்தது என்று மூன்று எறிதல்கள் வந்தால், ‘இதோ மலர்ந்து கவிழ்ந்துவிட்டது’ என்று கடைசி இரண்டையும் சேர்த்து அக்காவுக்கு வெற்றி கொடுத்துவிடத் தோன்றும். அப்படிச் செய்தால், முதல் எறிதலில் மலர்ந்த உடனேயே அக்காவின் வெற்றி உறுதியாகிவிடுகிறது; ஏனெனில் பின்னர் எப்போது கவிழ்ந்தாலும் அந்த மாற்றம் மலர்ந்ததிலிருந்து கவிழ்ந்ததற்கே நிகழும். அவருடைய நிகழ்தகவு மீண்டும் வெறும் ‘ப’ ஆகிவிடும், நாம் தவிர்க்க முயன்ற கோட்டம் அப்படியே திரும்பி வந்துவிடும். மூன்றாவது எறிதல் புதிய சோடியின் முதலாவது என்பதை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளட்டும்.

தேய்ந்த நாணயத்தைப் பற்றிய கேள்விக்கு, பம்பலப்பிட்டி நண்பர் தந்த பெருக்கமே விடை சொல்கிறது. நாணயத்தில் இலச்சினை வரும் நிகழ்தகவு 0.49 என்று கொள்வோம். அதன் பங்கு 1 − 0.98, அதாவது 0.02. சோகிகளின் பங்கு எதுவானாலும் அதன் பருமன் 1 ஐ விஞ்ச முடியாது. ஆகவே மொத்த வித்தியாசம் 0.02 ஐத் தாண்டவே தாண்டாது. இருவரில் எவருடைய வாய்ப்பும் 0.49 க்குக் கீழே போகாது. ப = 0.3 உடைய ஐந்து சோகிகள் ஒன்றையொன்று சாராமல் உடனிருந்தால், 0.02 ஐ 0.01024 ஆல் பெருக்க 0.0002048 தான் வருகிறது. தேய்ந்த நாணயத்தைத் தனியே சுண்டுவதைக் காட்டிலும், கோடிய சோகிகளோடு சேர்த்து எறிவதே கூடுதல் நியாயமானது. கோடிய பொருள்கள் விளைவையும் கோடச் செய்யும் என்று வாதிட்ட உங்கள் மகனிடம் இந்தப் பெருக்கத்தைக் கொடுத்து, சோகியை ஒவ்வொன்றாகக் குறைத்துக் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.